பேரத்தின் இரு பாதிகள்: விளையாட்டுப் பொருள் வணிகத்தில் மோசடி நுழையும் இடம்

கவுன்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் துப்பாக்கியின்மீது போர்த்தும் வண்ண வேலைப்பாட்டை ஸ்கின் என்பார்கள். ஸ்கின் மாறினால் துப்பாக்கியின் வேகமோ குறியோ மாறாது; தோற்றம் மட்டுமே மாறும். ஆனாலும் 2018 ஜனவரியில் ஏடபிள்யூபி துப்பாக்கிக்கான ‘டிராகன் லோர்’ ஸ்கின்னின் நினைவுப் பதிப்பு ஒன்று 61,000 டாலருக்கு மேல் விலைபோனது. இந்த வணிகத்துக்குக் கதவு திறந்தது இந்த விளையாட்டை வெளியிடும் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம். தன் ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தில் பொருள்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் வசதியை 2011இலும், அவற்றை விலைக்கு விற்கும் சந்தையை 2012 இறுதியிலும் அது தொடங்கியது. 2013 ஆகஸ்டில் கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஸ்கின்கள் வந்தன. இரண்டே ஆண்டு கழித்து, 2015 டிசம்பரில், அதே நிறுவனம் கசப்பான ஒரு கணக்கை வெளியிட்டது: மாதந்தோறும் சுமார் 77,000 ஸ்டீம் கணக்குகள் களவாடப்பட்டு, அவற்றிலிருந்த பொருள்கள் சூறையாடப்படுகின்றன, பரிமாற்ற வசதி வந்த பிறகு கணக்குத் திருட்டு இருபது மடங்கு பெருகிவிட்டது. பறிகொடுத்தவர்கள் விவரம் தெரியாத புதியவர்கள் என்று யாரும் ஆறுதல் தேடவும் அந்த அறிவிப்பு இடம் வைக்கவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களும் பழுத்த வியாபாரிகளும் அவர்களுள் இருந்தார்கள்.

அன்று முதல் எச்சரிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. அறிமுகம் இல்லாதவரை நம்பாதே, ஆசைகாட்டினால் விலகு, பேச்சில் குளறுபடி இருந்தால் உஷாராகு என்று எத்தனையோ அறிவுரைகள். இவற்றில் தவறானது எதுவுமில்லை. ஆனால் எல்லாமே எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று எடைபோடச் சொல்கின்றன. திரைக்கு அப்பால் இருப்பவரை எடைபோடுவது அனுபவசாலிக்கும் ஆகாத காரியம். பெயரையும் படத்தையும் நகலெடுக்கலாம். பாராட்டுக் குறிப்புகளை விலைக்கு வாங்கலாம். உண்மையான நண்பரின் கணக்கையே திருடி அவர் பெயரில் பேசலாம். ஆகவே ஆளைப் பற்றிய கேள்வியை ஒதுக்கிவைத்து, பேரத்தின் அமைப்பைப் பற்றிய கேள்வியை எழுப்ப வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்தப் பேரத்துக்கும் இரண்டு பாதிகள் உண்டு: நாம் கொடுப்பது, நாம் பெறுவது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே விதிக்கு உட்பட்டு நடந்தால் மோசடிக்கு இடம் மிகக் குறைவு. ஒரு பாதி இங்கும் மறு பாதி வேறெங்கோ நடந்தால், அல்லது ஒன்று இன்றும் மற்றது நாளையும் நடந்தால், நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. விளையாட்டுப் பொருள் மோசடியின் வரலாறு முழுவதும் அந்த இடைவெளியின் வரலாறுதான்.

இடைவெளி எப்படி விழுகிறது

ஸ்டீமின் பரிமாற்றத் திரையில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்றில் நாம் கொடுக்கும் பொருள்கள், மற்றதில் நாம் பெறும் பொருள்கள். இருவரும் ஒப்புக்கொண்டால் இரண்டும் ஒருசேரக் கைமாறும். ஒன்று மட்டும் போய் மற்றது தங்கிவிட வழியில்லை. இந்தத் திரைக்குள் எஞ்சுவது பொருளின் மதிப்பைத் தவறாகக் காட்டும் ஏமாற்று மட்டுமே. ஒரே ஸ்கின் தேய்மானத்தைப் பொறுத்து ஐந்து தரங்களில் வரும். படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிந்தாலும் விலை பல மடங்கு வேறுபடும். உயர்ந்த தரத்தைப் பேசிவிட்டுத் தாழ்ந்த தரத்தைத் திரையில் வைப்பது பழைய தந்திரம். பொருளின்மீது சுட்டியை வைத்துத் தரத்தைப் படித்து, சந்தையில் அதன் விலையை ஒருமுறை ஒப்பிட்டால் அது அம்பலமாகிவிடும். கவனமாகப் பார்ப்பவருக்கு இந்தத் திரை நேர்மையானது.

அப்படியிருந்தும் மக்கள் இந்தத் திரையை விட்டு வெளியேறுவதற்கு வலுவான காரணம் உண்டு. ஸ்டீம் சந்தையில் விற்ற பணம் ஸ்டீமின் பணப்பையில்தான் விழும். அதை வங்கிக் கணக்குக்கு மாற்ற முடியாது, அதைக்கொண்டு வேறொரு விளையாட்டையோ பொருளையோ வாங்கலாம், அவ்வளவுதான். கவுன்டர்-ஸ்ட்ரைக் பொருள்களுக்குக் கட்டணமும் 15 சதவீதம்: தளத்துக்கு 5, விளையாட்டுக்கு 10. வாங்குபவர் 115 ரூபாய் கொடுத்தால் விற்பவருக்கு 100 சேரும். கைச்செலவுக்குப் பணம் தேவைப்படுபவர் வெளிச்சந்தைகளையும் டிஸ்கார்ட் அரட்டைக் குழுக்களையும் நாடுகிறார். அங்கே பொருள் ஸ்டீமுக்குள் கைமாறும். பணம் பேபால் வழியாகவோ வங்கி வழியாகவோ கிரிப்டோ நாணயமாகவோ வரும். பணம் வருவது ஸ்டீமுக்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு இது ஒருவர் தம் பொருளை இன்னொருவருக்கு இனாமாகக் கொடுப்பதுபோலவே தோன்றும். நேர்மையான விற்பனையும் அப்பட்டமான திருட்டும் ஒரே வடிவம் எடுத்துவிடுகின்றன என்பதுதான் இங்கே பெரிய ஆபத்து.

அந்த ஆபத்தின் முழு உருவத்தை ஏபிஐ சாவி மோசடியில் காணலாம். ஒருவர் தம் கத்தி ஸ்கின்னை வெளிச்சந்தை ஒன்றில் விற்பனைக்கு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். சில நாள்களுக்கு முன்பு ஏதோ ஒரு போலித் தளத்தில் ‘ஸ்டீம் வழியாக உள்நுழைக’ என்ற பொத்தானை அழுத்தி, கடவுச்சொல்லையும் கைப்பேசிக் குறியீட்டையும் கொடுத்துவிட்டார். திருடர் அப்போது எதையும் தொடவில்லை. அந்தக் கணக்கில் ஏபிஐ சாவி ஒன்றை உருவாக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்; கணக்கின் பரிமாற்றக் கோரிக்கைகளைப் பார்க்கவும் ரத்துசெய்யவும் நிரல்களுக்கு வழிவிடும் சாவி அது. கத்தி விலைபோகிறது. வெளிச்சந்தையின் கணக்கிலிருந்து கோரிக்கை வருகிறது. சில நொடிகளில் திருடரின் நிரல் அதை ரத்துசெய்துவிட்டு, அதே பெயரும் அதே படமும் கொண்ட போலிக் கணக்கிலிருந்து அதே கத்தியைக் கேட்டுப் புதிய கோரிக்கை அனுப்புகிறது. விற்பவரின் கைப்பேசியில் ஒப்புதல் திரை எழுகிறது: தருவது ஒரு கத்தி, பெறுவது ஒன்றுமில்லை. உண்மையான கோரிக்கையிலும் அப்படித்தான் இருந்திருக்கும்! அவர் தம் கையாலேயே ஒப்புதல் தருகிறார். கைப்பேசிப் பாதுகாப்பு பழுதின்றி வேலைசெய்கிறது, பொருளும் போய்விடுகிறது. பணம் வரும் பாதி அந்தத் திரையில் இல்லாததால், பிழையைக் காட்டிக்கொடுக்க அங்கே எதுவுமில்லை. எளிதில் நகலெடுக்க முடியாதவை எதிர்க்கணக்கின் தொடக்க நாளும் ஸ்டீமில் அதன் லெவலும்தான். அவற்றை வெளிச்சந்தை காட்டும் விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் தப்புகிறார்.

இதே அமைப்பு மற்ற மோசடிகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ‘பொருளை முதலில் கொடு, இரட்டித்துத் தருகிறேன்’ என்பது ரூன்ஸ்கேப் என்ற பழைய இணைய விளையாட்டின் காலத்து வித்தை. இரண்டு பாதிகளையும் நேரத்தால் பிரிப்பது. ரோப்லாக்ஸ் விளையாட்டுகளில் சிறுவர்களிடம் ‘நம்பிக்கைக்காக’ என்று சொல்லிப் பொருளை வாங்கிக்கொண்டு மறைவதும் அதுவே. பேபாலில் பணம் அனுப்பி, பொருள் கைக்கு வந்ததும் ‘என் கணக்கை யாரோ பயன்படுத்திவிட்டார்கள்’ என்று முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறுவது, இரண்டு பாதிகளும் வெவ்வேறு விதிகளின்கீழ் இருப்பதைப் பயன்படுத்துவது: பணம் திரும்பும், பொருள் பெரும்பாலும் திரும்பாது. ‘உங்களைத் தவறுதலாகப் புகார் செய்துவிட்டேன், இந்த அதிகாரியிடம் பேசுங்கள்’ என்று டிஸ்கார்டில் வருபவர், கடைசியில் சரிபார்ப்புக்காகப் பொருளை அனுப்பச் சொல்லும் போலி அதிகாரியிடம் கொண்டுபோய் விடுகிறார். பெறும் பாதியே இல்லாத பேரம் அது. தமிழ்நாட்டு இளைஞர்களிடையே நடக்கும், பிஜிஎம்ஐ என்ற கைப்பேசி விளையாட்டின் ஐடி (கணக்கு) விற்பனையிலும் இதையே பார்க்கலாம். வாங்குபவர் பணம் கொடுத்து ஐடியைப் பெறுகிறார். அந்த ஐடியோடு முதலில் இணைத்த கூகுள் அல்லது ஃபேஸ்புக் கணக்கு விற்றவரிடமே இருந்தால், அவர் சில நாளில் அதை மீட்டுக்கொள்கிறார். கணக்கு முழுதாகக் கைமாறவே இல்லை.

விதி மாறும்போது இடைவெளியும் இடம்மாறும்

தொழில்நுட்பம் இதைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை இயல்பானது. அதற்கான முயற்சிகளும் குறைவில்லை. 2015 டிசம்பரில் வால்வ், கைப்பேசி ஒப்புதல் இல்லாத பரிமாற்றங்களைச் சில நாள் நிறுத்திவைக்கத் தொடங்கியது. பிறகு அந்தக் காலத்தை 15 நாளாக நீட்டியது. கடவுச்சொல்லை மட்டும் திருடியவருக்கு வழி அடைபட்டது. மோசடியாளர்கள் ஒப்புதலை உரியவரே தரும்படியான வழிகளுக்கு நகர்ந்தார்கள். மேலே கண்ட ஏபிஐ சாவி மோசடி அந்த நகர்வின் விளைவு. 2018 மார்ச்சில், கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் பரிமாற்றத்தில் பெற்ற பொருளை ஏழு நாள் மீண்டும் கைமாற்ற முடியாது என்ற விதி வந்தது. 2019 அக்டோபரில் நிறுவனம் இன்னொரு உண்மையை வெளிப்படையாகச் சொன்னது: கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஸ்கின்கள் அடங்கிய பெட்டிகளைத் திறக்க விற்கும் சாவிகளில், மறுபடி கைமாறுபவை ஏறக்குறைய அனைத்துமே மோசடிப் பணத்தில் வாங்கியவை, உலகெங்கும் உள்ள மோசடிக் கும்பல்கள் அவற்றைக்கொண்டு கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குகின்றன. அதன்பின் புதிதாக வாங்கும் சாவிகளைக் கைமாற்றவே முடியாமல் போயிற்று.

இந்த வரிசையில் 2025 ஜூலையில் வந்த மாற்றம் மிகவும் கவனத்துக்குரியது. அதற்கு முந்தைய பல ஆண்டுகள் வால்வ் களவுபோன பொருளைத் திருப்பித் தர மறுத்துவந்தது. அதற்கு நியாயமும் இருந்தது: களவுப் பொருள் அதற்குள் பல கை மாறியிருக்கும், இழந்தவருக்கு ஒரு நகல் செய்து கொடுத்தால் அரிதாக இருந்த பொருள் பெருகி, அதை வைத்திருக்கும் மற்ற எல்லோருக்கும் நட்டம். 2022இல் சுமார் 20 லட்சம் டாலர் மதிப்பிட்ட ஒருவரது சேகரிப்பு களவுபோய், ஊடகங்களில் பெரும் பேச்சாகி, கடைசியில் வால்வ் திருப்பிக் கொடுத்தது விதிவிலக்கு. பெயர் தெரியாத பல்லாயிரம் பேருக்கு அந்த வழி திறக்கவில்லை. 2025இன் புதிய விதி இதற்கு ஒரு தீர்வு கண்டது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2இல் கைமாறிய பொருள் ஏழு நாள் அசையாமல் பெற்றவரிடமே பூட்டிக் கிடக்கும். அதற்குள் கொடுத்தவர் ‘திருப்பு’ என்று சொன்னால் அந்த ஏழு நாளில் அவர் செய்த எல்லாப் பரிமாற்றங்களும் பின்னோக்கி ஓடும். விலையாக அவருக்கு 30 நாள் வணிகத் தடை. பொருள் வேறெங்கும் போயிருக்காததால் நகலெடுக்க வேண்டிய தேவையும் இல்லை. கணக்கைப் பறிகொடுத்தவர்களுக்கு இது உண்மையான நிவாரணம். ஆனால் வெளியில் பணம் கொடுத்து வாங்குபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். முன்பு பணம் திரும்பும், பொருள் திரும்பாது, ஆபத்து விற்பவருக்கு. இப்போது பொருள் திரும்பும். கிரிப்டோவிலோ வங்கியிலோ கொடுத்த பணம் திரும்பாது. விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு ஐந்தாம் நாள் பரிமாற்றத்தைத் திருப்பினால் ஆபத்து முழுவதும் வாங்கியவர் தலையில் விழுகிறது. அதனால்தான் வெளிச்சந்தைகள் பலவும் விற்றவரின் பணத்தை அந்தக் காலம் முடியும்வரை நிறுத்திவைக்கத் தொடங்கின. நல்ல நோக்கத்தில் எழுந்த ஒரு விதி இடைவெளியை மூடாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்திவிட்டது. நேற்று பாதுகாப்பாக இருந்த பழக்கம் இன்று ஆபத்தாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எழக்கூடிய மறுப்புகள்

‘ஏமாறுபவர்கள் பேராசைக்காரர்கள், ஆசையை அடக்கினால் போதும்’ என்பது முதல் மறுப்பு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஸ்டஜானோவும், பிபிசியின் மோசடி விளக்க நிகழ்ச்சி ஒன்றை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் வில்சனும் சேர்ந்து எழுதி 2011இல் வெளிவந்த ஆய்வு, மோசடியாளர்கள் பயன்படுத்தும் ஏழு மனித இயல்புகளை வகுத்துக் காட்டியது. ஆசையும் தேவையும் அந்த ஏழில் ஒன்றுதான். கவனச் சிதறல், அதிகாரத்துக்குப் பணிதல், கூட்டத்தோடு சேர்தல், அவசரம் ஆகியவையும் அதே பட்டியலில் உண்டு. கணக்கு முடங்கப்போகிறது என்ற அச்சத்தில் போலி அதிகாரிக்குப் பணிபவரிடம் பேராசை எங்கே இருக்கிறது? விளையாட்டு நண்பரின் அணிக்கு வாக்களிக்கும்படி வந்த லிங்க்கை அழுத்துபவர் உதவி செய்யவே போகிறார். அந்தப் பட்டியலில் இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு: ஏமாந்தவர் தாமும் ஏதோ ஒரு விதியை மீறியிருந்தால் வெளியே சொல்லக் கூசுவார், அதையே மோசடியாளர் தமக்குக் காப்பாக வைத்துக்கொள்வார். ஐடி விற்பனையை விளையாட்டு நிறுவனங்கள் தடைசெய்திருக்கின்றன. விற்றோ வாங்கியோ ஏமாந்தவர் புகார் செய்தால் தம் கணக்கே முடங்குமோ என்று அஞ்சுகிறார். ஏமாற்றியவர் அடுத்த ஆளிடம் போகிறார். ‘பேராசைக்காரன்’ என்ற வசை இந்த மௌனத்தைக் கெட்டிப்படுத்துகிறது. ஆகவே அது அறிவுரையாகத் தோன்றினாலும் நடைமுறையில் மோசடிக்கே துணைபோகிறது.

இரண்டாவது மறுப்பு பொருளாதாரம் சார்ந்தது. கட்டணமாக 15 சதவீதம் இழந்து, எடுக்க முடியாத பணப்பையில் மீதியைப் பூட்டிவைக்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்? வெளியே போவது அறிவுள்ள முடிவுதானே? இதில் உண்மை இருக்கிறது. தனக்குள்ளேயே பணத்தைச் சுழலவிடும் ஏற்பாட்டால் நிறுவனத்துக்கு லாபம் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் வெளியே போகும்போது மிச்சமாகும் கட்டணத்தை ஆபத்துக்கான கூலியாகக் கருத வேண்டும். அதை முழு லாபமாக எண்ணுவதில்தான் கணக்குத் தவறுகிறது. அந்த ஆபத்தை ஏற்பதென்று முடிவெடுத்தவர், இரண்டு பாதிகளையும் தன்னிடம் வைத்திருந்து இருவருக்கும் தரும் ஏற்பாட்டைத் தேட வேண்டும். பொருள் திரும்பக்கூடிய ஏழு நாளும் பணத்தை நிறுத்திவைக்கும் சந்தை அதற்கு ஓரளவு ஈடாகும். குழுவில் ஒருவர் சிபாரிசு செய்யும் ‘மிடில்மேன்’ ஈடாக மாட்டார். நடுவரும் ஏமாற்றுபவரும் ஒரே ஆளாக இருக்கும் மோசடி மிகப் பழையது. முறையாக நடக்கும் சந்தையும் முழு உத்தரவாதம் தராது. 2018 ஜூனில் பெரிய வெளிச்சந்தையாக இருந்த ஓபிஸ்கின்ஸ் நிறுவனத்தின் ஸ்டீம் கணக்குகளை, தன் விதிகளை மீறியதாகச் சொல்லி வால்வ் முடக்கியது. ஆகவே நடுவரிடம் பொருளோ பணமோ தேவைக்கு மேல் ஒரு நாளும் தங்கக் கூடாது.

மூன்றாவது மறுப்பு நேரெதிர்த் திசையிலிருந்து வருவது: பரிமாற்றத்தையே தடைசெய்துவிட்டால் என்ன? ரூன்ஸ்கேப் அதைச் செய்தும் பார்த்தது. திருட்டுக் கடனட்டைகளாலும், விளையாட்டுத் தங்கத்தை உண்மைப் பணத்துக்கு விற்பவர்களாலும் நெருக்கடிக்கு ஆளான அதன் தயாரிப்பாளர் ஜாகெக்ஸ் நிறுவனம், 2007 டிசம்பர் தொடங்கிச் சில வாரங்களில் மதிப்பு சமமில்லாத பரிமாற்றங்களைத் தடுத்தது. நண்பருக்கு விலையுயர்ந்த ஒரு வாளைப் பரிசாகக் கொடுப்பதும் அதோடு நின்றது. மூன்று ஆண்டுக்குப் பின் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுத்தபோது 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. பத்தில் ஒன்பதுக்கு மேல் பழைய முறையே வேண்டும் என்றன. 2011 பிப்ரவரியில் தடை நீங்கியது. கொடுக்கல் வாங்கல் இந்த விளையாட்டுகளின் சமூக வாழ்வோடு பின்னிப் பிணைந்தது. அதை வெட்டினால் மோசடியோடு நட்பும் போய்விடும் என்பதை அந்த வாக்கு காட்டுகிறது. தேவைப்படுவது தடை இல்லை. பேரத்தின் இரு பாதிகளும் ஒருங்கே நடக்கும் இடத்தை நிறுவனங்களே நியாயமான கட்டணத்தில் அமைத்துத் தர வேண்டும். பணத்தை வெளியே எடுக்கச் சட்டப்படியான வழி இல்லாதவரை, மக்கள் இடைவெளிக்குள் போய்க்கொண்டேயிருப்பார்கள். அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு நிறுவனங்களுடையது.

நான்காவது மறுப்பு மிகக் கூர்மையானது: திருடர் நம் கணினிக்குள்ளேயே புகுந்துவிட்டால் ஒரே திரை, ஒரே நேரம் என்ற விதி என்ன செய்யும்? 2022இல் ஆய்வாளர்கள் அம்பலப்படுத்திய ஒரு முறையில், போலித் தளமானது ஸ்டீமின் உள்நுழைவுச் சாளரத்தைத் தன் பக்கத்துக்குள்ளேயே படமாக வரைந்துகாட்டும். முகவரிப் பட்டையில் சரியான முகவரியும் பூட்டுக் குறியும்கூடத் தெரியும். 2025 பிப்ரவரியில் ஸ்டீம் கடையிலேயே வெளிவந்த ‘பைரேட்ஃபை’ என்ற விளையாட்டில் தகவல் திருடும் நிரல் இருந்தது தெரிந்து, வால்வ் அதை நீக்கியது. இந்த மறுப்பை முழுமையாக ஏற்க வேண்டும். பேரத்தின் அமைப்பைப் பார்ப்பது மட்டும் போதாது. ஆனாலும் இங்கேயும் அதே தர்க்கம் கைகொடுக்கிறது. வரைந்த சாளரத்தை இழுத்துப் பார்த்தால் அது பிரவுசரின் எல்லையைத் தாண்டி வெளியே வராது. உண்மையான சாளரம் வரும். வேறொருவர் அனுப்பிய லிங்க் வழியாக உள்நுழையாமல், நாமே பிரவுசரில் ஸ்டீம் தளத்தைத் திறந்து முதலில் உள்நுழைந்துகொண்டால், பிறகு எந்தத் தளமும் கடவுச்சொல்லை மீண்டும் கேட்கத் தேவையில்லை. கேட்டால் அது போலி. கணினி மாசுபட்டிருந்தாலும் கடைசி ஒப்புதல் கைப்பேசியில்தான். அந்தத் திரையைப் படித்துவிட்டு அழுத்துவதே கடைசி அரண். கணக்கில் நாம் உருவாக்காத ஏபிஐ சாவி இருந்தால் அதை நீக்குவதோடு நில்லாமல், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறிக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். சாவியை மட்டும் நீக்கினால் உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பார்.

விளையாட்டுப் பொருளுக்கு வழக்கு உண்டா?

‘விளையாட்டில் போனதற்கு இவ்வளவு அலட்டலா’ என்று குடும்பத்தாரும் சில நேரம் காவலர்களும் கேட்பதுண்டு. நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் இதற்கு 2012 ஜனவரியில் பதில் சொல்லிவிட்டது. ஒரு சிறுவனை அடித்துமிரட்டி அவனது ரூன்ஸ்கேப் தாயத்தையும் முகமூடியையும் பறித்த வழக்கு அது. அவற்றைப் பெற அவன் செலவழித்த நேரமும் உழைப்பும், அவற்றின்மீது அவனுக்கிருந்த உண்மையான கட்டுப்பாடும் கருதி, அவை களவாடத்தக்க பொருளே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாட்டு நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் இவற்றை நமக்குச் சொந்தமாக்காமல், பயன்படுத்தும் உரிமமாக மட்டுமே வைத்திருக்கின்றன என்பதும் உண்மை. 2025 அக்டோபரில் கத்திகளையும் கையுறைகளையும் பெறப் புதிய வழி ஒன்றை வால்வ் திறந்ததும் அவற்றின் விலை சில மணிநேரத்தில் சரிந்தது. மதிப்பு நிறுவனத்தின் ஒரு முடிவில் தொங்குகிறது என்பது வாங்குபவர் மறக்கக் கூடாத உண்மை. ஆனால் நிறுவனத்துக்கும் நமக்கும் உள்ள உறவு எப்படியிருந்தாலும், ஏமாற்றியவர் செய்தது குற்றமே. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு பிறரது கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவதையும், 66டி பிரிவு கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் தண்டிக்கின்றன; இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை. யூபிஐ வழியே பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. உரையாடலின் படங்கள், எதிர்க்கணக்கின் நிரந்தர எண், பணப் பரிமாற்ற எண் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பவரின் புகாருக்கு வலு அதிகம். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை என்பதையும், பணம் வந்ததற்குச் சான்று நம் வங்கிக் கணக்கின் இருப்பு மட்டுமே, எதிராளி அனுப்பும் படம் சான்றாகாது என்பதையும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவைப்பது நல்லது.

இத்தனை வகை மோசடிகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய எவராலும் முடியாது. அடுத்த ஆண்டு புதிது வரும். ஆனால் ஒப்புதலை அழுத்தும் முன் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்ளும் பழக்கம் எவருக்கும் கைவரும். நான் கொடுப்பதும் பெறுவதும் இந்த ஒரே திரையில் தெரிகின்றனவா? தெரியாவிட்டால், மறு பாதி எங்கே, எப்போது, யாருடைய விதியின்கீழ் வந்துசேரும்? வந்தது திரும்பிப் போகக்கூடியதா, நான் கொடுத்தது திரும்பி வரக்கூடியதா? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாத பேரத்தை, அனுப்புபவர் பல ஆண்டு நண்பராக இருந்தாலும், விட்டுவிடலாம். உண்மையான நண்பர் அதற்காகக் கோபிக்க மாட்டார். அவர் கணக்கு திருட்டுப்போயிருந்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் அவருக்கும் அது தெரிந்துவிடும். பெற்றோர்களும் ஆசிரியர்களும் பிள்ளைகளிடம் ‘யாரையும் நம்பாதே’ என்று சொல்வதற்குப் பதில் இந்த மூன்று கேள்விகளைக் கற்றுக்கொடுக்கலாம். நம்பாதே என்ற பாடம் பிள்ளையைத் தனிமைப்படுத்தும். ஏமாந்தபோது சொல்லவிடாமலும் செய்யும். பேரத்தைப் படிக்கக் கற்ற பிள்ளை நாளை வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்டும்போதும், இணையத்தில் பழைய வண்டி வாங்கும்போதும் அதே கேள்விகளைக் கேட்கும். விளையாட்டுப் பொருள் வணிகம் இளம் வயதினர் பலருக்கு வாழ்வின் முதல் சந்தை. அங்கே கற்றுக்கொள்ளும் நிதானம், பின்னால் பெரிய தொகைகள் கைமாறும் இடங்களிலும் அவர்களைக் காக்கும்.